இன்னும் ஒரு பாட்டு பாக்கி

பிப்ரவரி 11, திங்கள்

மூட்டு மாற்றி நான்கு வாரம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். கூட வேலை பார்க்கும் கவுகோ போன் செய்து சொன்னான். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

என் மனைவி தெர்ஹி காலை ஆறரைக்குப் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனால் இரண்டரைக்குத்தான் வீடு திரும்புவாள். அதுவரை நானும் டேப்லெட்டும். டேப்பில் பழச் சக்கரம் என்ற சூதாட்டம். எலுமிச்சை, செர்ரி, மணி, ஏழு. கட்டைவிரலால் தட்டினால் சுற்றும், நிற்கும், மறுபடி தட்ட வேண்டும். இதில் என்ன சுகம் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. மூட்டு வலி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சின்னக் காசுக்குத்தான் ஆடுகிறேன்.

பிப்ரவரி 14, வியாழன்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. ஆட்டத்தோடு வரும் இசை, தகர டப்பாவுக்குள் கரண்டிகளைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. சத்தத்தை முழுக்க அணைத்தால் சக்கரம் செத்துப்போகிறது. அதனால் ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் பழைய நடனப் பாட்டுகளைப் போட்டேன். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது ஏரிக்கரை நடனக் கொட்டகைகளில் ஆடியவை. பிரமாதம்.

தெர்ஹி சீக்கிரமே வந்துவிட்டாள். வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. டேப்பைப் போர்வைக்குள் தள்ளினேன்.

"என்ன இது, பழைய பாட்டெல்லாம்?" என்றாள்.

"சும்மா. பொழுது போகணுமே."

"நல்லாதான் இருக்கு. அணைக்காத." பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய பட்டாணி சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, புதன்

எந்தப் பாட்டுக்கு எந்த ஆட்டம் என்பதை இப்போது நான் பாடமே நடத்தலாம்.

சீட்டாட்டத்துக்கு வால்ட்ஸ். மூன்று மூன்றாகப் போகிறது, அவசரப்பட விடாது. சக்கரத்துக்கு டாங்கோ, அதுவும் சோக டாங்கோ. எங்கள் ஊர் டாங்கோவில் சோகமில்லாதது எது? ஹும்ப்பா மட்டும் கூடாது. அந்தக் குதியாட்ட வேகத்துக்கு விரலும் ஓடுகிறது, விரலோடு காசும் ஓடுகிறது. வரிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். புதுப் பாட்டு என்றால் காது அங்கே போய்விடும். சூதாட்ட இணையதளத்தின் அரட்டைப் பக்கத்தில் என் பட்டியலைப் போட்டேன். முகம் தெரியாத நாற்பது பேர் கைதட்டல் அனுப்பியிருக்கிறார்கள். நான் பழுது பார்த்த லிஃப்ட் மறுபடி ஓடியபோது ஒருவன்கூடக் கைதட்டியதில்லை.

ஒரே ஒரு பாட்டை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். எங்கள் வீட்டில் அதற்கு 'நம்ம பாட்டு' என்றுதான் பெயர்.

மார்ச் 5, செவ்வாய்

சேர்த்துவிட்டேன்.

காலையிலிருந்து தொடர்ந்து தோல்வி. சும்மா ஒரு மாறுதலுக்காகத்தான் போட்டேன். இரண்டாவது சரணம் வந்தபோது மூன்று ஏழு வரிசையாக நின்றது. அறுநூறு யூரோ.

அந்தப் பாட்டுக்குத்தான் எண்பத்தேழில் தெர்ஹியை முதல்முதலாக ஆடக் கேட்டேன். கொட்டகையில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. தளத்தைக் கடந்து போய்த் தலை குனிந்து கேட்டேன். முதல் பாட்டிலேயே அவள் காலை இரண்டு முறை மிதித்தேன். போய்விடுவாள் என்று நினைத்துக் கையை எடுத்தேன். "எங்க போற? இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கே. என் தலைவிதி," என்றாள். எங்கள் கொட்டகைகளில் பாட்டுகள் இரண்டிரண்டாகத்தான் வரும். ஒருவரோடு ஆட ஒப்புக்கொண்டால் இரண்டும் ஆடியாக வேண்டும். முதல் பாட்டோடு விட்டுப் போவது முகத்தில் அறைவதற்குச் சமம். அந்த இரண்டாவது பாட்டில்தான் அவள் சிரித்தாள்.

ராசியான பாட்டு. அன்றும் சரி, இன்றும் சரி.

மார்ச் 7, வியாழன்

நம்ம பாட்டு: பதினோரு தடவை.

மார்ச் 28, வியாழன்

அவள் வீட்டில் இருக்கும்போதும் இப்போது ஆடுகிறேன். அறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும். சக்கரத்தின் கிணுகிணு அதில் அமுங்கிவிடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், மறைகிறது.

இன்று கதவைத் தட்டினாள். மாவு படிந்த கையோடு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். ஏன் எப்பவும் நம்ம பாட்டை மட்டும் தனியாப் போடற? ஜோடிப் பாட்டு எங்க?"

"எது?"

"அன்னிக்கு அதுக்கப்புறம் ஒரு வால்ட்ஸ் வந்துதே. அதுலதானே நாம பேசவே ஆரம்பிச்சோம். பாதியில நிறுத்தின மாதிரி இருக்கு."

அடுத்ததாகப் போடுகிறேன் என்றேன். அவள் முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூட்டினால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அடுப்புக் காசைத் தொட்டுவிட்டேன்.

எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் ஏரிக்கரைக் குடிலில் சவுனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், அடுப்பு அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. போன கோடையில் ஆவிக்காக அதில் அடுக்கியிருந்த சூடான கல் ஒன்று நழுவித் தெர்ஹியின் காலருகே விழுந்தது. புது அடுப்புக்கென்று இரண்டு வருடமாகத் தனிக் கணக்கில் போட்டு வைத்தோம். பெரும்பாலும் அவள் கூடுதல் வேலை பார்த்த காசு. கணக்கு என் பெயரில். கொஞ்சம் எடுத்து, ஜெயித்ததும் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான்...

நம்ம பாட்டைப் போட்டுக்கொண்டேதான் எடுத்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கணக்கில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம். ஏழே நாள். சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஏப்ரல் 24, புதன்

"அடுப்பு ஆர்டர் பண்ணிட்டியா? மே கடைசிக்குள்ள வந்துடணும்," என்றாள் காபி ஊற்றிக்கொண்டே.

"பண்ணிட்டேன். கடையில சரக்கு இல்லையாம். வரணும்."

"எந்தக் கடை?"

"அதான், ரிங் ரோட்ல இருக்கே."

"அங்க அடுப்பு விக்கிறாங்களா?"

"புதுசா விக்கிறாங்க."

ஒரு பொய்க்கு மூன்று பொய் துணை. மூட்டை விட மனசு நொண்டுகிறது.

மே 1, புதன்

ஊரெல்லாம் மே தினக் கூத்து, வெள்ளைத் தொப்பி, பலூன். கவுகோ மதியம் வந்து சர்க்கரை தூவிய வடை ஏழு தின்றான். தெர்ஹி பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தாள். திறந்தேன். நடன ஷூ. தோல் அடிப்பாகம், என் அளவு.

"ஜூன் எட்டாம் தேதி கொட்டகை திறக்குறாங்க. மூட்டு டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். மெதுவா ஆடலாம்னு சொல்லிட்டார்," என்றாள். பிறகு கவுகோவைப் பார்த்து, "இவன் ரெண்டு மாசமா உள்ள உக்காந்து நம்ம பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடறான். வாயைத் திறந்து ஆடலாமான்னு கேக்கத் தெரியல. அம்பத்தாறு வயசுலயும் வெக்கம்," என்றாள்.

"லிஃப்ட்காரன் இல்லையா. பொத்தானை அமுக்கினாதான் மேல வருவான்," என்றான் கவுகோ.

அவர்கள் சிரித்தார்கள். எனக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல இருந்தது. கத்தவும் முடியவில்லை. ஷூவைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

பன்னிரண்டு வருடமாக நாங்கள் ஆடப் போனதில்லை. கேட்கத் தெரியாதவன் இல்லை நான், கேட்கத் தோன்றவே இல்லை. இவள் இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, நான் அழைப்பதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மே 2, வியாழன்

சக்கரம் ஆடவில்லை.

மே 3, வெள்ளி

ஆடினேன்.

மே 23, வியாழன்

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். மருத்துவமனைக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து போனில் ஆடினேன். காதில் ஒற்றை இயர்போன், அதில் நம்ம பாட்டு. கீழேயிருந்து கவுகோ கத்தினான்: "ஒஸ்மோ, உயிரோடதான் இருக்கியா? அரை மணி நேரமா ஒரு ஸ்க்ரூவா?" எண்ணெய் போடுகிறேன் என்றேன்.

தெர்ஹி தினமும் சமையலறையில் கால் எண்ணி எண்ணிப் பழகுகிறாள். சொல்லிவிட வேண்டும். எப்படி? எந்த வாயால்?

ஜூன் 9, ஞாயிறு

முழுதும் எழுதுகிறேன். எழுதினால்தான் ஆறும்.

நேற்று மாலை கொட்டகை. வெயில் ஏரி மேல் தாழாமல் அப்படியே நின்றது. தெர்ஹி நீலப் பாவாடை போட்டிருந்தாள். அவள் பெண்கள் வரிசைக்குப் போனாள். கணவன் மனைவி என்றாலும் முறையாகத்தான் வர வேண்டும் என்றாள். போனேன், குனிந்தேன், கேட்டேன். தலையசைத்தாள். அக்கார்டியன் இழுத்தது. முதல் இரண்டு சுரத்திலேயே தெரிந்துவிட்டது, நம்ம பாட்டு. அவள் முன்கூட்டியே பாட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் என்ன உணர்ந்திருக்க வேண்டும்? முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய மாலையை. இவள் கழுத்தின் வாசனையை. நான் உணர்ந்தது இது: நெஞ்சு படபடத்தது, வாய் உலர்ந்தது, சக்கரம் எங்கே, போன் எங்கே? போன் கோட்டில் இருந்தது. கோட்டு வாசலில் தொங்கியது. எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டேன். ஆடிக்கொண்டே.

"ஏன் என் முதுகைக் குத்தற?" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. அவள் முதுகில் இருந்த என் வலது கைக் கட்டைவிரல் தட்டிக்கொண்டிருந்தது. தட்டு, நிறுத்து, தட்டு. மனைவியை அணைத்துக்கொண்டு, அவள் முதுகில் எலுமிச்சை தேடிக்கொண்டிருந்தேன். அந்த அவமானத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் பாட்டுக்காரர் தண்ணீர் குடிப்பார். ஜோடிகள் தளத்திலேயே கையை விடாமல் நின்று, வானிலை பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்களும் நின்றோம்.

"மழை வராது போலிருக்கு," என்றாள்.

"அடுப்பும் வராது," என்றேன்.

"ஏன்? கடையில கேட்டியா?"

"கடைக்கு நான் போகவே இல்ல. காசு இல்ல தெர்ஹி. எல்லாத்தையும் டேப்ல ஆடித் தொலைச்சுட்டேன். பழச் சக்கரம். பிப்ரவரிலேர்ந்து."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பாட்டு கேட்டுட்டு இருந்தியே."

"சக்கரச் சத்தம் உனக்குக் கேக்கக் கூடாதுன்னு பாட்டு."

"நம்ம பாட்டுமா?"

"அதைப் போட்டா ஜெயிக்கும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டேன். சொன்னதும் அவள் முதுகிலிருந்து கையை எடுத்தேன். போகட்டும், ஊர் பார்க்க என்னை நடுத் தளத்தில் விட்டுப் போகட்டும், அதற்கு மேலும் செய்யட்டும் என்று நினைத்தேன். அவள் கண்ணில் நீர் நின்றது, ஆனால் விழவில்லை.

"கைய எடுக்காத," என்றாள். "இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கு."

அந்தப் பாவி பாட்டுக்காரர் ஹும்ப்பா ஆரம்பித்தார். உலகத்திலேயே மிகச் சந்தோஷமான ஹும்ப்பா. கல் போன்ற முகத்தோடு அவள் குதித்தாள், புது மூட்டோடு நான் குதித்தேன். பக்கத்து ஜோடி எங்களைப் பார்த்துச் சிரித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு ஹும்ப்பா ஆடுவது எதிரிக்கும் வேண்டாம்.

முடிந்ததும் கையைப் பிடித்து அவள் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டு நன்றி சொன்னேன். பதிலுக்கு நன்றி சொல்ல வேண்டியது வழக்கம். அவள் சொல்லவில்லை. "கார் சாவி," என்றாள். நாற்பது கிலோமீட்டர் அவளே ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். நடுவில் ஒருமுறைகூட விழிக்காமல் தூங்கினேன். வெட்கம் கெட்ட தூக்கம். ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு அப்படித் தூங்கியது நேற்றுத்தான். சொத்தைப் பல்லைப் பிடுங்கியது மாதிரி இருக்கிறது. ரத்தம் வருகிறது, வலி போய்விட்டது.

ஜூன் 10, திங்கள்

காலையில் வாயைத் திறந்தாள்.

"அடுப்பு இரும்பு. போனா போகுது. இன்னொண்ணு வாங்கலாம். அந்தப் பாட்டை எதுக்கு எடுத்த? உலகத்துல வேற பாட்டே இல்லையா? நான் அடுப்படியில நின்னு, நீ கூப்பிடறேன்னு நெனச்சு..." முடிக்கவில்லை. காபிக் கோப்பையைத் தொட்டியில் போட்டாள். உடைந்தது.

கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

மத்தியானம் டேப்பைக் கேட்டாள், கொடுத்தேன். பாட்டுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக, பெயரைச் சத்தமாகப் படித்து அழித்தாள். கடைசி ஒன்றைப் படிக்காமல் அழித்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

வங்கிக்கு இரண்டு பேருமாகப் போனோம். சூதாட்டத் தளங்களுக்கு என் கணக்கிலிருந்து ஒரு காசு போகாதபடி தடை. அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள் என்று பயந்தேன். "இந்த வாரம் நீங்க அஞ்சாவது ஆள்," என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதானா? இதற்கா நான்கு மாதம் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்?

தெர்ஹி வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் வாங்கினாள். ஒன்றுதான் வாங்கினாள், தனக்கு மட்டும். நியாயம்.

ஜூன் 18, செவ்வாய்

நூலகத்தின் அடித்தளத்தில் என்னைப் போன்றவர்கள் கூடுகிறார்கள். ஏழு பேர், கழுநீர் மாதிரி காபி. பாட்டு விஷயத்தைச் சொன்னேன். எதிரிலிருந்த பேக்கரிக்காரர், "எனக்கு ஐஸ் ஹாக்கி வர்ணனை. இப்ப மேட்ச் பாக்கப் போனா கோல் விழுந்ததும் போனைத் தேடி கை பைக்குள்ள போகுது," என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இப்படி ஒரு வியாதி எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

நடுக்கோடை விழா. குடிலுக்கு வந்துவிட்டோம். கவுகோ பழைய லிஃப்ட் கதவின் தகடு ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து அடுப்பின் அடியில் பற்றவைத்தான். உள்ளே 'அதிகபட்சம் எட்டு பேர்' என்ற எழுத்து அப்படியே தெரிகிறது. அடுப்பு ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை, நானே சொன்னேன். கவுகோ முகமூடியைத் தூக்கி, "அப்போ லிஃப்ட் தலைமேல எண்ணெய் போட்டது..." என்றான். ஆமாம் என்றேன். "முட்டாள்," என்று சொல்லிவிட்டு மறுபடி முகமூடியை இறக்கிக்கொண்டான்.

சாயங்காலம் தெர்ஹி முதலில் உள்ளே போய்க் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. கல் எதுவும் விழவில்லை. "எட்டு பேர் வரலாமாம்," என்றாள், கதவு வழியாக. என்னையும் வா என்று அர்த்தம். போனேன்.

ஜூலை 16, செவ்வாய்

கடையில் பால் எடுக்கும்போது மேலே ஒலிபெருக்கியில் நம்ம பாட்டு. படபடப்பு வந்துவிட்டது. பாலை மீன் பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே ஓடி, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். போன் கையில் இருந்தது. தெர்ஹியை அழைத்தேன்.

"பாட்டு வருது," என்றேன்.

"எங்க நிக்கற?"

"வெளிய."

"முடியற வரைக்கும் பேசிட்டே இரு. என்ன சமைக்கட்டும்?" உருளைக்கிழங்கு என்றேன். சின்னதா பெரியதா, தோலோடா உரித்தா, வெந்தயக்கீரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது. திரும்பிப் போய்ப் பாலை எடுத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று இந்தப் பருவத்தின் கடைசி நடனம். போகலாமா என்று நான்தான் கேட்டேன். "நீ கேக்கறியா, இல்ல பாட்டு கேக்குதா?" என்றாள். நான்தான் என்றேன்.

போனைக் காரிலேயே விட்டுவிட்டு ஆண்கள் வரிசையில் நின்றேன். பெண்கள் வந்து அழைக்கும் நேரம் என்று பலகையில் விளக்கு எரிந்தது. இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். தெர்ஹி எதிர் வரிசையிலிருந்து, அவசரமில்லாமல், தளத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்தாள். என் எதிரே நின்று தலை குனிந்தாள்.

"ஆடலாமா?"

முதலில் நம்ம பாட்டு. இந்தத் தடவை அவள் சொல்லி வைக்கவில்லை, தானாக வந்தது. வியர்த்தது. அவள் தன் இடக்கையைப் பின்னால் கொண்டுபோய், தன் முதுகில் இருந்த என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க அசிங்கமான ஆட்டமாகத்தான் இருந்திருக்கும். நடுவில் பாட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். "மழை வரும் போலிருக்கு," என்றேன். "வரட்டும்," என்றாள்.

பிறகு வால்ட்ஸ். அதே பழைய வால்ட்ஸ் இல்லை, ஏதோ ஒரு வால்ட்ஸ். அதில் விரலை விட்டுவிட்டாள். இடத்தில் கொண்டுபோய் விட்டபோது நான் நன்றி சொன்னேன். அவளும் சொன்னாள்.